மில்தோனின் பெயரில் வந்த பார்சல்

நிபியா தெச்சேராவின் வீட்டில் முதல் பார்சல் அழுகத் தொடங்கியது மார்ச் மாதம், பூமியின் தென்பாதியான எங்கள் பக்கத்தில் கோடை முடிகிற வாரத்தில். அதே வாரத்தில்தான் மாட்டு விலா கிலோவுக்கு இருபது பெசோ ஏறியது என்பதால் ஊரில் எல்லோருக்கும் நன்றாக நினைவிருக்கிறது. அழுகியது இறைச்சியும் இல்லை, பழமும் இல்லை. பிரிக்கப்படாத அட்டைப்பெட்டிக்குள் இருந்த, பூண்டு உரிக்கும் பிளாஸ்டிக் குழாய்கள். பெட்டியின் அடிப்பக்கம் முதலில் ஈரமானது, அப்புறம் உப்பியது, அப்புறம் ஒரு மூலை வாய் திறந்து மஞ்சளாக ஒழுகியது. அதில் புழு இருந்தது. விசேஷமான புழு ஒன்றுமில்லை; வெயிலில் கிடக்கும் செத்த ஆட்டில் நெளிகிற அதே வெள்ளைப் புழுதான், பிளாஸ்டிக்கைத் தின்று நன்றாகவே கொழுத்திருந்தது. எழுதும்போதே எனக்கு வாயில் உப்புநீர் ஊறுகிறது. ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்வதென்று உட்கார்ந்தபிறகு மூக்கைப் பொத்திக்கொண்டாவது சொல்லி முடிக்கத்தான் வேண்டும்.

எங்கள் பாஸோ ஹோந்தோவில் நிபியாவைத் தெரியாதவர் கிடையாது. பேருந்து நிலையத்தில் சீட்டு கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் பல வருஷமாக உட்கார்ந்திருப்பவள். ஐம்பதைத் தொட்டவள், கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள். கையில் மாத்தே என்கிற கசப்பு இலைத்தேநீர்க் குடுவை, கக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. தலைநகரிலிருந்து வரும் பேருந்தின் வயிற்றுக்கதவைத் திறந்தால் பயணிகளின் பெட்டிகளுக்கு நடுவே சாம்பல் நிறப் பைகள் உருண்டு விழும். அதில் பாதிக்கு மேல் அவளுடையவை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊரே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும். அந்த நேரத்தில் அவள் மட்டும் கட்டிலில் மல்லாந்து படுத்து, செல்பேசியை வயிற்றின்மேல் நிறுத்தி, கட்டைவிரலால் வாங்கிக்கொண்டே இருப்பாள். ஒரே ஒரு முட்டையை மட்டும் அவிக்கும் மின்பானை, கூரையில் நட்சத்திரம் காட்டும் விளக்கு, கால் ஊறவைக்கும் தொட்டி, வாழைப்பழம் வைக்க வாழைப்பழ வடிவத்திலேயே ஒரு டப்பா. வாழைப்பழத்துக்குக் கடவுள் கொடுத்த தோல் போதவில்லை போலிருக்கிறது.

ஏன் இப்படி வாங்கினாள் என்பதற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். தனிமை என்றார் பாதிரியார். வயசு என்றாள் மருந்துக்கடைக்காரரின் மனைவி. நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. கை அரித்தது, வாங்கினாள். அவ்வளவுதான். பார்சல் வந்துகொண்டிருக்கிறது என்பதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. வந்துசேர்ந்த பிறகு அதன் முகத்தைக்கூடப் பார்க்கமாட்டாள். பிரிக்காமல் பின்னறையில் போடுவாள். பின்னறை நிறைந்ததும் கூடத்தில், கூடம் நிறைந்ததும் குளியலறையில். கடைசியில் பெட்டிகளுக்கு நடுவே ஒருக்களித்து நடந்துபோய்க் கட்டிலில் விழுந்து, விழுந்த கையோடு இன்னொன்று வாங்குவாள். நினைத்தாலே அருவருப்பாக இருக்கிறது. வாயில் உள்ளதை விழுங்குவதற்கு முன்னால் அடுத்த கவளத்தை உருட்டுகிற மனுஷரைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற அருவருப்பு.

எங்கள் நாட்டில் வெளிநாட்டுப் பார்சலுக்கு ஒரு வரையறை உண்டு. ஆளுக்கு வருஷத்தில் மூன்றுதான் வரியில்லாமல் வரும்; நான்காவது வந்தால் சுங்கத்தில் தீட்டிவிடுவார்கள். நிபியாவின் மூன்றும் ஜனவரி முதல் வாரத்திலேயே தீர்ந்துவிடும். ஆனால் ஊரில் வெளிநாட்டிலிருந்து எதுவும் வாங்காதவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். மாத்தே குடுவையை ஒருவர் உறிஞ்சி அடுத்தவர் கையில் கொடுக்கிற ஊர் இது. பார்சலையும் அப்படித்தான் கொடுத்தோம். “இந்த வருஷம் உன் மூணு சும்மாதானே கெடக்கு?” என்று யாராவது கேட்டால், அடையாள அட்டை எண்ணை அங்கேயே ஒப்பித்துவிடுவோம். பார்சல் கொடுத்தவர் பெயரில் வரும், கேட்டவர் வீட்டுக்குப் போகும். பெயரைக் கொடுப்பதில் என்ன குறைந்துவிடப்போகிறது என்ற நினைப்பு. அப்படி ஆசிரியை மிர்த்தா கொடுத்தாள், மருந்துக்கடைக்காரர் கொடுத்தார், ஊர்க் கால்பந்து அணியின் கோல்கீப்பர் தார்வின் கொடுத்தான். நிபியாவின் தம்பி மில்தோனும் கொடுத்தான்.

மில்தோன் கசாப்புக்காரன். சதுக்கத்து மூலையில் வெள்ளை ஓடு பதித்த கடை. ஊரே அந்தக் கடையின் தரையைக் காட்டித்தான் பிள்ளைகளுக்குச் சுத்தம் சொல்லிக்கொடுக்கும். நிபியா ஒருநாள் விலா வாங்கப் போனவள், பேச்சோடு பேச்சாக, “டேய் மில்தோன், உன் நம்பரு சும்மாதானடா கெடக்கு?” என்றாள். அவன் எலும்பை ரம்பத்தில் அறுத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல், “எடுத்துக்கக்கா, எனக்கு வெளிநாட்டுல இருந்து என்ன வரப்போவுது, மாடா?” என்று சிரித்துவிட்டு எண்ணைச் சொன்னான். அவன் மனைவி பிளாங்கா கல்லாவிலிருந்து முறைத்தாள். அவள் முறைத்ததை அக்காவும் தம்பியும் கவனிக்கவில்லை.

பூண்டுக்குழாய்க்குப் பிறகு ஒவ்வொன்றாக அழுகின. நட்சத்திர விளக்கு பச்சையாகச் சீழ் வைத்தது. முட்டைப் பானையின் மூடியில் மயிர் முளைத்தது. சமையல் கையுறைகள் ஒன்றோடொன்று ஒட்டி, தோலுரித்த முயல் போலக் கிடந்தன. நகராட்சிச் சுகாதார ஆட்கள் செத்த எலியைத் தேடி வந்தார்கள். எலி இல்லை, பெட்டிதான் என்று தெரிந்ததும் சுண்ணாம்பைத் தூவிவிட்டுப் போனார்கள். நிபியா ஒரு சாக்கு நிறையப் பார்சல்களை ஆற்றில் எறிந்தாள். மறுநாள் மடுவில் மீன்கள் வெள்ளை வயிறு காட்டி மிதந்தன. வீட்டில் கொஞ்சம் நாற்றம் குறைந்தது. ஆனால் அதற்குள் நாற்றம் தெருவில் நடமாடத் தொடங்கியிருந்தது.

ஆசிரியை மிர்த்தா வகுப்புக்குள் நுழைந்தால் பிள்ளைகள் ஜன்னலுக்கு ஓடின. மருந்துக்கடைக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு மருந்தைக் கம்பியில் கட்டி நீட்டினார். அவர்கள் குளித்தார்கள், வினிகரில் குளித்தார்கள், துணிகளை எரித்தார்கள், ஒன்றும் பலிக்கவில்லை. தோலில் இருந்தால்தானே போகும், அது பெயரில் இருந்தது. இதில் லாபம் கண்டது கால்பந்துக் கழகம் மட்டும்தான். கோல்கீப்பர் தார்வின் நிற்கும் பக்கம் எதிரணிக்காரன் எவனும் நெருங்கமுடியவில்லை. நடுக்கோட்டிலிருந்தே உதைத்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பி ஓடினார்கள். பாஸோ ஹோந்தோ சரித்திரத்தில் முதல்முறையாக மாவட்ட இறுதிப்போட்டிக்குப் போனது. தார்வினைத் தோளில் தூக்கிக் கொண்டாட ஆசைப்பட்டவர்கள் தூரத்தில் நின்று கைதட்டினார்கள்.

மே மாதம் நாற்றம் மில்தோனைப் பிடித்தது. ஆசிரியை நாறலாம், கோல்கீப்பர் நாறலாம், கசாப்புக்காரன் நாறக்கூடாது. முதல்நாள் வந்த பெண் தட்டில் இருந்த தொடைக்கறியை முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிட்டுப் போனாள். மில்தோன் குளிர்பெட்டியைக் கழுவினான், கொக்கிகளைக் காய்ச்சினான், அன்றைக்கு அறுத்த பசுங்கறியை அப்படியே தெருவில் கொட்டினான். கடைவாசலில் போரோத்தோ என்று ஒரு தெருநாய் உண்டு, செம்மண் நிறம், ஒரு காது மடங்கினது. அது மட்டும்தான் அந்த மாதங்களில் மில்தோனின் காலடியிலேயே கிடந்தது. அதற்கு அந்த நாற்றம் பிடித்திருந்தது என்றுகூடச் சொல்லலாம். கறி முழுக்க அதற்குத்தான் போனது. ஊர் முழுக்க மெலிந்த அந்தக் குளிர்காலத்தில் அந்த நாய் மட்டும் உருண்டது. ஜனங்கள் பேருந்து ஏறிப் பக்கத்து ஊருக்குப் போய்க் கறி வாங்கினார்கள். அந்தப் பேருந்துக்குச் சீட்டுக் கொடுத்தவள் நிபியா.

கணக்கைக் கூட்டியவள் பிளாங்கா. அவள் மதியத் தூக்க நேரத்தில் நாத்தனார் வீட்டுக் கதவைக் காலால் உதைத்துத் திறந்தாள். நிபியா கட்டிலில் படுத்திருந்தாள், செல்பேசி வயிற்றின்மேல் இருந்தது, பக்கத்தில் ஒரு பெட்டி ஒழுகிக்கொண்டிருந்தது.

“அண்ணி, ஊருல நாறுறவங்க அத்தன பேரும் உங்களுக்கு நம்பர் குடுத்தவங்க. யோசிச்சுப் பாருங்க, ஒருத்தர் விடாம.”

“நான் என்னத்தடி செஞ்சேன்? வாங்குனேன். குத்தமா?”

“வாங்கிட்டு என்ன பண்ணுனீங்க? அதச் சொல்லுங்க. உங்க தம்பி செப்டம்பர்ல சிட்டிக்குப் போறாரு, தெரியுமா? ஆலையில மாடு அறுக்கப் போறாரு, யாருக்கோ கூலிக்கு. சுடுகாட்டு நாத்தம் அடிக்குற ஆளு கடையில எவ வந்து கறி வாங்குவா?” அப்புறம் பெட்டியைப் பார்த்தாள், செல்பேசியைப் பார்த்தாள். “இப்பக்கூட வாங்கிக்கிட்டுத்தான இருக்கீங்க? த்தூ!”

துப்பியது தரையில்தான் விழுந்தது. தரையில் இடம் இல்லாததால் ஒரு பெட்டியின் மேல் விழுந்தது என்று சொல்வது சரி.

அன்றைக்குப் பிறகு நிபியா அடக்கப் பார்த்தாள் என்பதைச் சொல்லாவிட்டால் பாவம். செல்பேசியை மாவு டின்னுக்குள் புதைத்தாள். மாவோடு எடுத்து வாங்கினாள். மதியத்தில் அதைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவைத்தாள். சர்க்கரை கடன் கேட்கிற சாக்கில் போய் அங்கேயே நின்று வாங்கினாள். வானொலியில் ஒரு அம்மாள், பிடித்ததைக் கூடையில் போட்டுவிட்டுத் தூங்கி எழுங்கள், ஆசை போய்விடும் என்று யோசனை சொன்னாள். நிபியா அப்படியே செய்தாள். தூங்கி எழுந்து இரண்டாக வாங்கினாள். பெயர் கொடுக்க ஊரில் ஆளில்லாமல் போனதும்தான் வாங்குவது நின்றது. அதற்குள் வந்திருந்தது போதும் போதுமென்று இருந்தது.

வழி தெரிந்தது தற்செயலாக. ஜூலையில் ஒருநாள் மழை கொட்டியது. மழை நாளென்றால் எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் மாவைத் தட்டிக் கொழுப்பில் பொரிப்பார்கள், அந்த வாசத்தில் நாற்றம் கொஞ்சம் அமுங்கிக் கிடந்தது. பேருந்து நிலையத்தில் நிபியாவின் பழைய குடை காற்றில் திரும்பிக் கம்பி முறிந்தது. வேறு வழியில்லாமல், வீட்டுக்குக் கொண்டுபோகாமல் ஜன்னலுக்கு அடியில் போட்டிருந்த ஒரு பார்சலைக் கிழித்தாள். உள்ளே குடை இருந்தது. துணி கொழகொழவென்று, எடுத்தால் விரலோடு வந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு விரித்துப் பிடித்து நடந்தாள். சதுக்கத்தைத் தாண்டும்போது கைப்பிடி காய்ந்திருந்தது. வீட்டுக்கு வந்து மடக்கியபோது, புண் ஆறித் தோல் மூடியது போல, குடை சுத்தமாகப் புதிதாக இருந்தது. அதே நேரத்தில் மருந்துக்கடைக்காரர் தன் கையை முகர்ந்து பார்த்துவிட்டுக் கதவைத் திறந்து மழையில் வந்து நின்றாராம். அந்தக் குடை அவர் பெயரில் வந்தது.

ஆக, உபயோகித்தால் போதும். ஆனால் வாங்கியவள்தான் உபயோகிக்கவேண்டும். மிர்த்தா அவசரப்பட்டு வலைபோட்டு ஆற்றிலிருந்து பூண்டுக்குழாயை எடுத்துத் தானே உரித்துப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. ஒருதடவை மட்டும் உபயோகித்தால் போதாது. நாலு நாள் சும்மா விட்டால் புளித்த வாடை கிளம்பியது. மில்தோனின் பெயரில் வந்தது எது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. பெட்டிமேல் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டுகள் எல்லாம் கரைந்து போயிருந்தன, வாங்கியவளுக்கு வாங்கியது எதுவும் நினைவில்லை. எல்லாவற்றையும் பிரித்து, எல்லாவற்றையும் உபயோகித்து, எதில் மில்தோன் மணக்கிறான் என்று பார்ப்பதைத் தவிர வழியில்லை. செப்டம்பருக்கு அதிக நாள் இல்லை.

நிபியா பிரித்தாள். முழங்கை வரை கையைவிட்டுப் புழுவை வழித்துப் போட்டுவிட்டு உள்ளே என்ன என்று தடவிப் பார்த்தாள். வெளியே போய் வாந்தியெடுத்தாள், வாயைத் துடைத்துக்கொண்டு வந்து அடுத்ததைப் பிரித்தாள். பிளாங்கா வாசலில் மூக்கில் துணி கட்டிக்கொண்டு நின்று, எதையும் தொடாமல், எல்லாவற்றையும் பார்த்தாள். “இதையா வாங்குனேன்? இத நானா வாங்குனேன்?” என்று நிபியா கேட்டுக்கொண்டே இருந்தாள். “நீங்கதான் அண்ணி, வேற யாரு” என்று பிளாங்கா ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னாள். ஒரே பூண்டுக்குழாய் மூன்று தடவை வந்திருந்தது. எருதுக்கு மருந்து ஏற்ற மட்டுமே உதவும் அளவில் ஒரு ஊசிக்குழல் இருந்தது, பலகாரத்தில் பால்கோவா அடைப்பதற்காம். அவள் பால்கோவா அடைத்தாள்; ஊரில் யாரும் அதை வாயில் வைக்கவில்லை.

ஆகஸ்டில் ஒரு பெட்டியிலிருந்து வயிற்றைக் குறைக்கும் அதிரும் பெல்ட் வந்தது. அது தார்வின் பெயரில் வந்ததாக இருக்கும் என்று யாரோ ஊகித்துவிட்டார்கள். அதற்கடுத்த ஞாயிறு இறுதிப்போட்டி. கால்பந்துக் கழகத் தலைவரே வந்து கெஞ்சினார்.

“நிபியாம்மா, ஞாயித்துக்கெழம வரைக்கும் அத மட்டும் கட்டிராதீங்க. ஊரு மானம்.”

“மில்தோன் பேருல வந்ததா இருந்தா?”

“இருக்காதும்மா. கசாப்புக்காரனுக்கு எதுக்கு பெல்ட்டு?”

“வாங்குனது நானுய்யா. எனக்கு எதுக்குன்னே எனக்குத் தெரியல” என்று சொல்லிவிட்டு அவர் கண்ணெதிரே பெல்ட்டை இடுப்பில் கட்டி முடுக்கினாள். வீடு முழுக்க இருந்த பெட்டிகள் அதிர்ந்தன. தார்வின் அன்று மாலையே சோப்பு மணக்க வெளியே வந்தான். இறுதிப்போட்டியில் ஏழு கோல் வாங்கினோம், ஒன்றும் போடவில்லை. அதற்குப் பிறகு இரண்டு மாதம் பேருந்து நிலையத்தில் யாரும் நிபியாவுக்கு வணக்கம் சொல்லவில்லை. நாறுகிறவர்களுக்குச் சொன்ன வணக்கத்தைக்கூட.

ஆகஸ்டு முடிகிற வாரம், மில்தோனின் கத்திகளைப் பிளாங்கா துணியில் சுற்றிக்கொண்டிருந்தபோது, பின்னறையின் கடைசிப் பெட்டி பிரிபட்டது. உள்ளே மஞ்சள் நிற மழைக்கோட்டு. நான்கு கால் ஓட்டை, வாலுக்கு ஒரு ஓட்டை, தலைக்குக் குல்லா. நாய்க்கான மழைக்கோட்டு. நிபியாவுக்கு நாய் கிடையாது. நாய் என்றாலே சாலையின் அடுத்த பக்கம் மாறி நடக்கிறவள். சின்ன வயதில் கெண்டைக்காலில் ஒரு கடி வாங்கியிருக்கிறாள். படத்தில் அந்தக் கோட்டைப் போட்டிருந்த நாய் அவளையே பார்த்ததாம், அதனால் வாங்கினாளாம். இதற்கு நான் என்ன சொல்ல? ஒரு தம்பியின் கடையும் குடும்பமும் ஊரைவிட்டுப் போக இருந்தது, படத்தில் ஒரு நாய் பார்த்த பார்வையில். எனக்கு அந்தப் புழுக்களைவிட இதுதான் குமட்டுகிறது.

அவள் சொட்டச் சொட்ட அந்தக் கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சதுக்கத்தைத் தாண்டிக் கடைக்குப் போனாள். போரோத்தோ மில்தோனின் காலடியில் கிடந்தது. நிபியா இரண்டடி தள்ளியே நின்றுவிட்டதை மில்தோன் பார்த்தான்.

“நான் போடட்டாக்கா?”

“நான்தான்டா போடணும். தலைய மட்டும் பிடிச்சுக்க. கடிச்சா நீதான் பொறுப்பு.”

நாய் கடிக்கவில்லை. முன்னங்கால்களை அதுவாகவே நீட்டியது. ஆனால் மூன்று மாதம் பசுங்கறி தின்ற வயிறு கோட்டுக்குள் அடங்கவில்லை. நிபியா மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்துப் பூட்டினாள். மழை இல்லை, நல்ல வெயில். போரோத்தோ மஞ்சள் கோட்டில் கடையிலிருந்து சர்ச் வரைக்கும் நடந்தது, நிபியா பின்னால் நடந்தாள். திரும்பி வருவதற்குள் மில்தோன் தன் உள்ளங்கையை முகர்ந்தான், சட்டைக் கழுத்தை முகர்ந்தான், பிளாங்காவைக் கூப்பிட்டான். அவள் வந்து அவன் கழுத்தில் முகத்தை வைத்துப் பார்த்துவிட்டு, கத்திகளைத் துணியிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள்.

அதற்குப் பிறகு வருஷங்கள் போயின, நிபியாவின் பொழுதும் அதனோடு போனது. விடிந்ததும் முட்டைப் பானையில் ஒரு முட்டை, பெல்ட், முடி சுருட்டும் குச்சி, பூண்டு, வாழைப்பழ டப்பாவில் வாழைப்பழம். பேருந்துகளுக்கு நடுவில் காலைத் தொட்டியில் ஊறவைத்தபடி சீட்டுக் கொடுப்பாள். மதியம் ஊர் தூங்குகையில் அவள் நாய்க்குக் கோட்டை மாட்டிச் சதுக்கத்தைச் சுற்றினாள், அதனால் கட்டிலில் மல்லாந்து வாங்குவதற்கு நேரமில்லை. அவள் வாங்கின ஒவ்வொன்றும் அவளிடம் வேலை வாங்கியது. வெளியூர்க்காரர்கள் கொளுத்துகிற வெயிலில் மழைக்கோட்டு போட்ட நாயைப் பார்த்து, என்ன இது என்று கேட்பார்கள். மில்தோனின் கடை திறந்திருக்கிறது என்று அர்த்தம், என்போம்.

ஒரு ஜனவரியில் கோட்டின் வயிற்றுப் பக்கம் கிழிந்தது. மட்டமான பிளாஸ்டிக், அது ஒரு பருவத்துக்கு மேல் வந்ததே பெரிது. புது வருஷம் பிறந்து நிபியாவின் சொந்த மூன்றும் கைக்கு வந்திருந்தன. அவள் பேருந்து நிலைய ஜன்னலுக்குப் பின்னால் செல்பேசியைத் திறந்தபோது, அதே கோட்டு, இன்னும் பெரிய அளவில், நீல நிறத்தில், அரைக்கிலோ கொத்துக்கறி விலையைவிடக் குறைவாக, ஒரே ஒரு தொடுதலில் வாங்கும்படி அவளுக்காகவே காத்திருந்தது. கட்டைவிரல் மேலே நின்றது. சீட்டு வாங்க வந்த பிளாங்கா பார்த்துவிட்டாள். பிடுங்குவாள் என்று நினைத்தேன், பிடுங்கவில்லை.

“வாங்குங்க அண்ணி. நல்லாத்தான் இருக்கு.”

“கிழிஞ்சுபோச்சுடி. அவனுக்காகத்தான்.”

“அவருக்காகன்னா இது எதுக்கு? அவரு பேருல வந்தது அந்த மஞ்சள்தான். நீலத்த மாட்டுனா மஞ்சள் சும்மா கெடக்கும். அவரு திரும்ப நாறுவாரு. மஞ்சள மாட்டுனா நீலம் சும்மா கெடக்கும், நீங்க நாறுவீங்க. ஒண்ணுக்கு ரெண்டு.”

நிபியாவின் விரல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. அந்த விரலை நான் வரிசையில் நின்று பார்த்தேன். ஒரு ஜந்துவைப் பார்க்கிற மாதிரி பார்த்தேன். அது தாழ்ந்தது, உயர்ந்தது, மறுபடி தாழ்ந்தது. பிறகு அவள் செல்பேசியைக் கால்தொட்டித் தண்ணீருக்குள் விட்டாள். விழுந்ததா விட்டாளா என்று இன்றுவரை ஊரில் வாக்குவாதம் உண்டு. அன்று மாலை மில்தோனின் பழைய ஏப்ரனிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் கோட்டின் வயிற்றில் ஒட்டுப்போட்டாள். அவளுக்குத் தைக்கத் தெரியாது. விரலில் குத்திக்கொண்டு, கோணல்மாணலாக, மாட்டுத்தோல் தைக்கிற நூலால் தைத்தாள்.

அப்புறம் முதுகு கிழிந்தது, அதற்கு மேசைத் துணி. குல்லா போயிற்று, அதற்குப் பழைய சட்டைக் கழுத்து. கடைசியில் அந்தக் கோட்டில் பார்சலில் வந்தது என்று கழுத்துப் பொத்தான் ஒன்று மட்டும் மிச்சம். மில்தோன் நாறவில்லை. அதற்குள் போரோத்தோவுக்கும் கண்ணில் பூ விழுந்து, பின்னங்கால் இழுத்துக்கொண்டது. நிபியா கையில் ஏந்திக்கொண்டே சதுக்கத்தைச் சுற்றினாள். அவள் மூக்கை அது நக்கும், அவள் சீ என்பாள், முகத்தை மட்டும் திருப்பமாட்டாள்.

அது ஒரு குளிர்கால மதியத்தில் கடைவாசலில் செத்தது. ஊருக்குத் தகவல் போனதும் கசாப்புக்கடை முன்னால் கூட்டம் சேர்ந்தது. நாய்க்காக வந்தவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் கறிக்காக வந்தார்கள், அதை மறைக்கவும் இல்லை. வேறு நாய்க்கு மாட்டலாமே என்று ஒருவர் சொன்னார். ஒட்டுமேல் ஒட்டாக அது போரோத்தோவின் உடம்புக்கே அளவாகிவிட்டிருந்தது, வேறு எதற்கும் பொருந்தாது. மில்தோன் கதவு நிலையில் சாய்ந்து நின்று தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். நிபியா யாரையும் கேட்கவில்லை. நாயை மடியில் கிடத்தி, விறைக்க ஆரம்பித்த கால்களை ஒவ்வொன்றாக ஓட்டைகளில் நுழைத்து, கழுத்துப் பொத்தானைப் பூட்டினாள். ஆற்றங்கரையில், ஈரமான மண்ணில், கோட்டோடு புதைத்தார்கள்.

மறுநாள் காலையில் மில்தோன் கடையைத் திறந்தான். முதலில் வந்த பெண் சூப்புக்கு எலும்பு கேட்டாள், கிட்ட வந்து மூச்சை இழுத்துப் பார்த்தாள், அரைக்கிலோ விலாவும் சேர்த்துப் போடச் சொன்னாள். அடுத்த நாளும் நாறவில்லை, அடுத்த மாதமும் இல்லை. கோட்டு உபயோகத்தில்தானே இருக்கிறது. கரையில் மழை பெய்யாத குளிர்காலம் உண்டா?

அந்த வசந்தத்தில் நிபியா நகராட்சி அலுவலகத்துக்குப் போனாள். கல்லறை இடங்களைப் பார்க்கிற மேசையில் இப்போது உட்கார்ந்திருப்பவன் தார்வின்; கோல்கீப்பர் வேலையை விட்டு, தொப்பை வைத்து, முடி கொட்டியவன். அவள் தனக்கு ஒரு இடம் வேண்டும், சாமான்களுக்கும் சேர்த்து இரண்டு ஆள் அகலத்துக்கு, ஆழமும் கொஞ்சம் கூடுதலாக என்றாள். அவன் பேனாவை எடுத்தான்.

“கால்தொட்டி படுக்கவசமா வைக்கிறதா, நிமித்தியாக்கா?”

“நிமித்தித்தான். கால் உள்ள இருக்கணும்ல.”

அவன் அளவைக் குறித்துக்கொண்டான். பிறகு பேனாவை வைத்துவிட்டு, சுற்றிலும் ஒருமுறை பார்த்து, குரலைத் தாழ்த்தினான்.

“பெல்ட்ட மட்டும் மறந்துராதீங்க.”

“இடுப்புல கட்டிக்கிட்டுத்தான்டா போவேன்” என்றாள் நிபியா. அவன் நன்றி சொல்லிவிட்டு, அடுத்து யார் என்று கூப்பிட்டான்.